ஒன்பதாவது வெடிக்குக் காத்திருந்த வகுப்பு

“பேரு எழுதிக்கிட்டா ஆச்சா புள்ள? இங்க பேரு எழுதறதே ஒரு நாளைக்கு அடிக்கறதுக்குத்தான்.”

இதைச் சொன்னவர் டைம் ஆபீஸ் மேஸ்திரி. தங்கச் சுரங்கத்தில் இறங்குகிறவர்களின் பெயர்ப் புத்தகம் அவரிடம்தான் இருந்தது. ஊருக்கு ஓடிப்போனவன், காய்ச்சலில் போனவன், கீழேயே போனவன் எல்லாருக்கும் அதில் ஒரே சிவப்புக் கோடு. பள்ளிக்கூடத்து ரெஜிஸ்டரில் என் பெயர் ஏறிய அன்று, புதுச் சிலேட்டை நாலு பேர் பார்க்கட்டும் என்று மார்போடு அணைத்துக்கொண்டு அவருடைய ஜன்னலைக் கடந்து போனேன். அவர் சொன்னதற்கு நான் பதில் சொல்லவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவ்வளவு திமிர் எனக்கு அந்த வயதிலேயே இருந்தது.

இந்தப் பத்திரிகையில் இந்த வாரம் சொல்ல வந்தது மேஸ்திரியைப் பற்றி அல்ல. எங்கள் வகுப்பு ரெஜிஸ்டரில் இருந்த பதினோரு பெயர்களில் ஒன்றைக்கூட ஒரு மத்தியானம் யாரும் தன்னுடையது என்று ஒப்புக்கொள்ளாமல் போனதைப் பற்றி.

இன்ஸ்பெக்டர் ரெஜிஸ்டரைத் திறந்து முதல் பெயரை வாசித்தார்.

“அஞ்சலை.”

நான் அவருக்கு எதிரே, மூன்றடி தூரத்தில், முதல் பலகையில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

தகரக் கூரை

ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு நடுவே, ஒரு மேட்டின் மேல் இருந்தது எங்கள் சர்க்கார் பள்ளிக்கூடம். தகரக் கூரை, மண் சுவர், இரண்டு அறை. காற்று அடித்தால் கல் அரைக்கும் ஆலைப்பக்கத்து வெள்ளை மணல் பறந்து வந்து சிலேட்டில் படியும். எழுதுவதற்கு முன் ஊதிவிட்டுத்தான் எழுத வேண்டும். ஊதினால் பக்கத்தில் இருக்கிறவள் கண்ணில் விழும். அதற்காக ஒரு சண்டை. தினமும் பாடம் அப்படித்தான் தொடங்கும்.

எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் யாரும் ஓர் எழுத்தைக்கூட எழுதியதில்லை. நைனாவும் அம்மாவும் குடியாத்தம் பக்கத்திலிருந்து தலையில் மூட்டையோடு நடந்து வந்தவர்கள். நைனா கீழே பாறையில் வெடிக்குழி போடுகிறவர். அம்மா மேலே கொட்டகையில் கல் பொறுக்குகிறவள். நான் பெண் என்பதால் எனக்கும் அந்தக் கொட்டகைதான் எழுதி வைத்திருந்தது. எஸ்தர் அம்மாள் வேலூரிலிருந்து வந்து அந்தப் பள்ளிக்கூடத்தில் பெண்களுக்கு மிடில் வகுப்பு ஒன்றைத் தொடங்கியிராவிட்டால் அங்கேதான் இருந்திருப்பேன்.

அந்த வகுப்புக்கு ஒரு நிபந்தனை இருந்தது. ரெஜிஸ்டரில் பத்துப் பெண்களாவது இருக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கும்போது அவர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும், கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் வகுப்பை எடுத்துவிடுவார்கள். எடுத்துவிட்டால் மிடில் பரீட்சை இல்லை. நாங்கள் பதினொருவர். அந்தப் பதினொன்றைச் சேர்க்க எஸ்தர் அம்மாள் லைன் லைனாக ஏறி இறங்கியதில் அவருக்குச் செருப்பு இரண்டு ஜோடி தேய்ந்தது என்று ரோசம்மாள் சொல்வாள். ரோசம்மாள் என் பக்கத்துப் பலகை. எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள்.

எண்ணிக்கை

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு நேர் கீழே, சுரங்கத்துக்குள் ஒரு லெவல், படுக்கையாக வெட்டிய பாதை, ஓடியது. அந்த லெவலின் கடைசியில், பாறை முகப்பில், தினமும் ஒன்பது குழி போட்டு மருந்து கெட்டிப்பார்கள். பகல் ஷிஃப்ட் கலையும் நேரத்தில் திரியைக் கொளுத்திவிட்டு ஆட்கள் தூர வந்து ஒதுங்கி நிற்பார்கள். திரிகளின் நீளம் வேறு வேறு என்பதால் வெடி ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். ஒதுங்கி நிற்கிறவர்கள் எண்ணுவார்கள். ஒன்பதும் போனால்தான் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி உடனே மேலே வரலாம், அடுத்த ஷிஃப்ட் உள்ளே போகலாம். எட்டோடு நின்றால் ஒரு குழி வெடிக்காமல் இருக்கிறது என்று அர்த்தம், இனி ஆபத்தில்லை என்று தெரியும்வரை கீழேயே காத்திருக்க வேண்டும்.

மேலே நாங்களும் எண்ணுவோம். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. முதலில் சிலேட்டுக் குச்சி தானாக உருளும். பிறகு உள்ளங்காலில் ஒரு தட்டு. மூலையில் இருக்கும் தண்ணீர்ப் பானையில் வளையம் வளையமாகச் சுருக்கம் விழும். சத்தம் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. கீழே யாரோ போர்வைக்குள்ளிருந்து கதவைத் தட்டுவதுபோல. எஸ்தர் அம்மாள் பாடத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். எங்கள் உதடுகள் அசைவதைப் பார்த்து, பயந்துபோய் ஜெபம் செய்கிறோம் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தாராம்.

லைன்களில் ஒரு வழக்கம் இருந்தது. எண்ணிக்கை குறைந்தால், கேஜ் மணி அடித்து ஆட்கள் மேலே வரும்வரை, யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டாலும் பதில் சொல்லக் கூடாது.

இதற்கு ஒரு காரணம் இருந்தது. சுரங்கம் தோண்டத் தொடங்கிய காலத்தில், எட்டோடு நின்ற ஒரு நாள், மேலாள் ஒருவர் எங்கோ நின்றுகொண்டு ஒரு தொழிலாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம். அவன் தன்னை முகப்புக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்து “வந்துட்டேன்” என்று நடந்தான். ஒன்பதாவது அப்போது போனது. இதில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. ஆனால் கீழே நடந்தது மேலே வந்து சேருவதற்குள் வேறொன்றாக மாறிவிட்டது. அந்த இடைவெளியில் எந்தப் பெயரைச் சொல்லி அந்தப் பெயருக்குப் பதிலும் கிடைக்கிறதோ, அந்தப் பெயர் கீழே போய்விடும். ஆள் இங்கேயே நடமாடிக்கொண்டிருக்கலாம். பெயர் அங்கே வேலைக்குச் சேர்ந்துவிடும். எங்கள் அம்மாக்கள் இப்படித்தான் சொன்னார்கள்.

எட்டோடு நிற்கும் நாட்களில் லைன் எப்படி இருக்கும் என்று கேட்டால், எனக்கு அம்மிச் சத்தம் நிற்பதுதான் ஞாபகம் வருகிறது. ஒரு வீட்டில் நிற்கும், அடுத்த வீட்டில் நிற்கும். பிறகு தகரம் வெயிலில் நெளியும் சத்தம் மட்டும். பெண்கள் வாசலுக்கு வந்து ஒருவரையொருவர் கையசைத்துக் கூப்பிடுவார்கள். குழந்தை வேலியைத் தாண்டி ஓடினாலும் தாய் பின்னால் ஓடிப் பிடிப்பாளே தவிர கூப்பிட மாட்டாள்.

பெயரில்லாத பதினொருவர்

இன்ஸ்பெக்டர் காலையிலேயே வருவதாக இருந்தது. நாங்கள் விடிவதற்கு முன்பே எண்ணெய் தேய்த்துக் குளித்து, இறுக்கமாகச் சடை பின்னி, புருவம் மேலே இழுபட்டுப்போய் உட்கார்ந்திருந்தோம். “நம்ம மூஞ்சைப் பாத்தா அவரே பயந்து பாஸ் போட்டுடுவாரு” என்றாள் ரோசம்மாள். பௌரிங்பேட்டையிலிருந்து வரும் வண்டி அன்றைக்குத் தாமதம். அவர் வந்து தலைப்பாகையைச் சரிசெய்து நாற்காலியில் உட்காரும்போது மத்தியானம் ஆகிவிட்டது.

அவர் கெட்டவர் இல்லை. களைத்திருந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். எஸ்தர் அம்மாளிடம் மரியாதையாகவே பேசினார். அந்த நேரம் குச்சிகள் உருண்டன.

ஒன்று. இரண்டு. மூன்று. அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, இது என்ன என்று கேட்டார். சுரங்க வெடி, பழகிவிடும் என்று எஸ்தர் அம்மாள் சொன்னார். ஏழு. எட்டு.

பானையில் தண்ணீர் அசைவது நின்றது.

நாங்கள் காத்திருந்தோம். ரோசம்மாளின் கை பலகையின் விளிம்பைப் பற்றியது. வெளியே அம்மிகள் நின்றன. இன்ஸ்பெக்டர், “முடிந்ததா? சரி, பெயர் வாசித்துவிடுகிறேன்” என்று ரெஜிஸ்டரைத் திறந்தார்.

முதல் பெயருக்குப் பதில் இல்லை. மீண்டும் வாசித்தார். இல்லை. இரண்டாவது பெயர். மூன்றாவது. ஒவ்வொரு பெயருக்கும் நிமிர்ந்து பார்த்தார். பதினோரு பெண்கள் அவரைப் பார்த்துக்கொண்டு கல்லாக உட்கார்ந்திருந்தோம். எஸ்தர் அம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. எங்களைக் கண்ணால் கெஞ்சினார். அவர் வெளியூர். அவருக்கு நாங்கள் இதைச் சொன்னதே இல்லை. எட்டோடு நின்ற நாட்களில் அவர் தாமாகவே மணி அடிக்கும்வரை பேசாமல் இருந்ததால், தெரிந்திருக்கும் என்று நாங்கள் நினைத்தோம்.

கடைசிப் பெயரையும் வாசித்துவிட்டு இன்ஸ்பெக்டர் ரெஜிஸ்டரை மூடினார்.

“இந்தப் பெண்களை எங்கேயிருந்து அழைத்து வந்தீர்கள் அம்மா?”

இது பல ஊர்களில் நடப்பதுதான். இல்லாத பிள்ளைகளின் பெயரை ரெஜிஸ்டரில் எழுதிவைத்து, பரிசோதனை நாளில் தெருவில் விளையாடுகிற பிள்ளைகளைக் கூட்டிவந்து உட்கார வைப்பார்கள். பாவம், அந்தப் பிள்ளைகளுக்குத் தங்களுக்குக் கொடுத்த பெயர் மறந்துபோகும். அவர் அப்படி எத்தனையோ பார்த்திருப்பார். எங்களையும் அப்படித்தான் நினைத்தார்.

நான் சிலேட்டை எடுத்தேன். வாயால்தானே கூடாது. ‘அஞ்சலை, ஆஜர்’ என்று எழுதி உயர்த்திக் காட்டினேன். என்னைப் பார்த்து ரோசம்மாளும் எழுதினாள்.

அவர் படித்தார். தலையை ஆட்டினார்.

“எழுதப் பழக்கிவிடலாம். பெயரைச் சொன்னால் திரும்பிப் பார்ப்பதைப் பழக்க முடியாது.”

பேனாவை மையில் தோய்த்தார். அவர் எழுதப்போவது என்ன என்பது எனக்குத் தெரிந்தது. கொட்டகை தெரிந்தது. வெள்ளை மணல் படிந்த அம்மாவின் இமைகள் தெரிந்தன. இரண்டு வருஷம் கணக்கும் இலக்கணமும் படித்தது ஒரு வரியில் போய்விடும். அது போக நான் விடமாட்டேன் என்று தோன்றியது. பயம் இல்லாமல் இல்லை. பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது.

“ஐயா, ஒரு தடவை என் பெயரை வாசியுங்கள்.”

அவர் பேனாவை நிறுத்தினார். ரெஜிஸ்டரைத் திறக்காமலே, என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

“அஞ்சலை.”

“ஆஜர்.”

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. தகரத்தில் மோதித் திரும்பியது. பின்பலகையில் ஒருத்தி மூச்சை இழுத்துக்கொண்டாள். ரோசம்மாள் என் தோளில் பட்டுக்கொண்டிருந்த தன் தோளை மெல்ல விலக்கிக்கொண்டாள். உள்ளங்காலில் ஏதாவது வருமா என்று பார்த்தேன். வரவில்லை. தரை எப்போதையும்விடக் குளிர்ச்சியாக இருந்தது. அது என் கால் குளிர்ந்ததாகவும் இருக்கலாம்.

மற்றவர்களும் இவர்கள்தாம், சுரங்கத்தில் கேஜ் மணி அடித்ததும் வாசியுங்கள், எல்லாரும் சொல்வார்கள் என்று அவரிடம் சொன்னேன். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். அந்த அறையில் அதன் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. எத்தனை நேரம் அப்படி இருந்தோம் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

மணி அடித்தது. அவர் பெயர்களை வாசித்தார். பத்துக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பிறகு சொல்வதெழுதச் சொன்னார், பின்னக் கணக்குக் கொடுத்தார். எழுதிக் குவித்துவிட்டோம். போகும்போது எஸ்தர் அம்மாளிடம், வகுப்பு நடக்கட்டும் என்றார்.

நாங்கள் வீட்டுக்கு நடந்தோம். நான் முன்னால் போனேன். மற்ற பத்துப் பேரும் நாலடி பின்னால் வந்தார்கள்.

நைனா சொன்னது

எனக்குள் இருந்த கேள்வி ஒன்றுதான். நைனா கை கால் கழுவி உட்காரும்வரை பொறுத்திருந்து, இன்றைக்கு எட்டுதானே என்று கேட்டேன்.

“யாரு சொன்னது? ஒம்போதும் போச்சு” என்றார். “ஏழாவதும் எட்டாவதும் ஒட்டிக்கிட்டு வந்துது. மேல ஒண்ணாத்தான் கேட்டிருக்கும்.”

எனக்கு உடம்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதுபோல இருந்தது. நடந்ததை அப்போதுதான் சொன்னேன். கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

“அப்படின்னா ஒண்ணும் இல்லையே, நைனா?”

“ஒண்ணும் இல்ல. நீ சாப்புடு.”

நைனா அதற்கு முன் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை என்னைக் கூப்பிடுவார். தண்ணீர் கொண்டா அஞ்சல, துண்டை எடு அஞ்சல, பாட்டைப் படிச்சுக் காட்டு அஞ்சல. அன்றிலிருந்து இன்றுவரை ஒரு தடவைகூட அவர் என் பெயரைச் சொல்லவில்லை. கீழே நின்று ஒன்பதும் எண்ணினவர் அவர்தான்.

அம்மா “இந்தா” என்பாள், “தே” என்பாள். லைனில் மற்றவர்கள் அதுவும் இல்லை. பேசிக்கொண்டிருப்பார்கள், நான் வந்தால் பேச்சு ஓயும். வெறுப்பால் அல்ல. பெரிய நோயில் கிடந்து எழுந்த ஒருத்திக்கு வழி விடுவதுபோல ஒதுங்குவார்கள். தண்ணீர்க் குழாயில் எனக்கு முதல் இடம் கிடைத்தது. அந்த மரியாதை எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அந்த மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு பிற்பகல் பாயில் கிடந்தபோது யாரோ “அஞ்சல” என்றார்கள். வீட்டில் யாரும் இல்லை. குரல் ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. அவசரமில்லாமல், பக்கத்தில் இருக்கிறவளைக் கூப்பிடுவதுபோல இருந்தது. பாயை விலக்கித் தரையில் காதை வைத்தேன். தூரத்தில் பம்ப் அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. காய்ச்சல்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எத்தனையோ நாட்களுக்குப் பிறகு என் பெயரைக் கேட்டதில் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. அதை நினைத்தால்தான் இப்போதும் கை குளிர்கிறது.

நின்ற பெயர்கள்

பிழைத்தது என்று நாங்கள் நினைத்த வகுப்பு அதற்குள் கரையத் தொடங்கிவிட்டது. ரெஜிஸ்டரில் பெயர் இருந்தால் எந்த வெளியாள் வேண்டுமானாலும் எந்த நேரத்திலும் கூப்பிடலாம், நாளைக்கு நம் பெண்ணுக்கும் இதே கதி என்று அம்மாக்கள் பயந்தார்கள். மத்தியான இடைவேளை முடிந்ததும் இரண்டாவது தடவை பெயர் வாசித்தே ஆக வேண்டும் என்பது சர்க்கார் விதி. வெடி நேரமும் ஏறக்குறைய அதுதான். முதலில் ரோசம்மாள் படிப்பை விட்டு நின்றாள். பிறகு இருவர். மாதக் கடைசியில் பலகையில் நாங்கள் நால்வர். இப்படியே கணக்கு மேலிடத்துக்குப் போனால் இன்ஸ்பெக்டர் வரவே வேண்டாம், வகுப்பு தானாகப் போய்விடும்.

எஸ்தர் அம்மாள் வீடு வீடாகப் போனார். யாரும் முகம் கொடுக்கவில்லை. அதன் பிறகு நான் போனேன்.

முதலில் ரோசம்மாளின் தாய் சவரி அத்தை வீடு. இங்கே எழுதும்போதுதான் இந்தப் பெயர், நேரில் எனக்கு அவர் வெறும் அத்தை. அவர் சொல்வதைத்தான் அந்த லைன் முழுக்கக் கேட்கும். வாசலில் பத்துப் பதினைந்து பெண்கள் கூடிவிட்டார்கள். இனிமேல் பெயர் வாசிக்கிறது யார் என்று சவரி அத்தை கேட்டார்.

“நான்தான்” என்றேன்.

“நீ வாசிச்சா மட்டும் ஒண்ணும் ஆவாதா?”

“ஆவாது. எம் பேரு ஏற்கெனவே கீழ கீது. நான் கூப்புட்டா அது கீழேருந்து மேல கூப்புடற மாதிரி. கீழேருந்து கூப்புட்டா எப்புடி அத்தை இன்னொருத்தி கீழ போவா?”

இதை நான் யோசித்துவைத்துக்கொண்டு போகவில்லை. வாயில் வந்தது. ஒரு கிழவி மெதுவாகத் தலையை ஆட்டினாள். சவரி அத்தை உள்ளே திரும்பி, “ரோசம்மா, சிலேட்டை எடுத்துக்கடி” என்றார்.

நைனா எண்ணின ஒன்பதை அங்கே நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் என் பெயர் எனக்குத் திரும்பியிருக்கும் என்று நம்பினேன். ஆனால் இன்னொரு நாள் எட்டோடு நிற்கும், அன்றைக்கு மறுபடியும் எல்லாரும் நின்றுவிடுவார்கள். வகுப்பா பெயரா என்றால் எனக்கு வகுப்புதான்.

நான் வாசித்த காலம்

இரண்டு வருஷத்துக்கும் மேலாக மத்தியானப் பெயர்களை நான் வாசித்தேன், எஸ்தர் அம்மாள் குறித்துக்கொண்டார். முகப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போனதால் வெடி மெலிந்துகொண்டே வந்தது. எண்ணுவதற்கு மூச்சை அடக்க வேண்டியிருந்தது. எட்டோடு நின்ற நாட்களிலும் நான் நிறுத்தாமல் வாசித்தேன். பெண்கள் தயங்காமல் பதில் சொன்னார்கள். பதினொன்று பதினைந்தாயிற்று, பத்தொன்பதாயிற்று. மிடில் பரீட்சையில் நானும் ரோசம்மாளும் இன்னொருத்தியும் தேறினோம். எங்கள் லைன்களிலிருந்து அந்தப் பரீட்சையில் தேறிய முதல் பெண்கள் நாங்கள்தான். தேறிய பிறகும் நானும் ரோசம்மாளும் எஸ்தர் அம்மாளுக்கு உதவியாக அங்கேயே இருந்தோம். அடக்கமாகச் சொல்ல வேண்டும் என்று பத்திரிகைக்காரர் எழுதியிருக்கிறார். இதைவிட அடக்கமாக எனக்கு வராது.

ஒன்று மட்டும் பழகவே இல்லை. கடைசிப் பெயருக்கும் ஆஜர் வந்த பிறகு, நான் ரெஜிஸ்டரை மூடுவதற்கு முன், வகுப்பு ஒரு மூச்சு நேரம் சும்மா இருக்கும். பத்தொன்பது பெண்களும் தலையைத் தாழ்த்திக்கொள்வார்கள். இன்னும் ஒரு பெயர் பாக்கி இருப்பதுபோல. அதை யாரும் சொல்லமாட்டார்கள். பிறகு ஒருத்தி சிலேட்டை ஊதுவாள், பாடம் தொடங்கும்.

சவரி அத்தை கேட்டது

இந்த வருஷம் மைசூரில் உபாத்திமார் பயிற்சிக்கு எனக்கு இடம் கிடைத்தது. இரண்டு வருஷப் படிப்பு. கடிதம் வந்ததும் லைனில் எல்லாருக்கும் ஒரே கேள்வி. நான் போய்விட்டால் மத்தியானம் யார் வாசிப்பது?

இனியும் மறைக்கக் கூடாது என்று முடிவுசெய்து சவரி அத்தை வீட்டுக்குப் போனேன். அவர் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஒன்பதும் போயிற்று, நைனா கீழே நின்று எண்ணினார், என் பெயர் எங்கேயும் போகவில்லை, யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்று சொன்னேன்.

கரண்டி நிற்கவில்லை.

“தெரியும். அன்னிக்கே எங்க வூட்டுக்காரரும் சொன்னாரு. எல்லா வூட்லயும் சொல்லியிருப்பாங்க.”

பிறகு ஏன் பெண்களை நிறுத்தினீர்கள், பிறகு ஏன் என் பேச்சைக் கேட்டு அனுப்பினீர்கள் என்று கேட்டேன்.

“பொண்ணுங்க படிக்கணும்னுதான் எங்களுக்கும். பயம் தானா போவுமா, பயத்துக்கு ஒரு பதில் வேணும்ல. நீ வந்து நின்னு சொன்னே.”

“அப்படின்னா எம் பேரைச் சொல்லுங்க அத்தை.”

கஞ்சி கொதித்தது. அவர் விறகை வெளியே இழுத்தார்.

“எட்டுதான் கேட்டுது கண்ணு. நானுந்தானே எண்ணினேன்.”

இரண்டும் அவருக்கு உண்மை. கீழே ஒன்பது, மேலே எட்டு. எனக்கும் அப்படித்தானோ என்று அன்றைக்கு முதல்முறையாகத் தோன்றியது.

அடுப்பை அணைத்துவிட்டு அவர் கேட்டார். எட்டோடு நிற்கிற ஒரு நாள் பார்த்து, நான் ஊருக்குப் போவதற்குள், அவர் பெயரைக் கூப்பிட வேண்டும். அவர் பதில் சொல்வார். அதற்குப் பிறகு மத்தியானப் பெயர்களை அவரே வாசிப்பார். எழுத்து தெரியாவிட்டால் என்ன, பத்தொன்பது பெயரும் வரிசையாக வாயில் இருக்கிறது என்று சொல்லிக் காட்டினார். ஒன்றும் பிசகவில்லை. ரோசம்மாள்தான் படித்தவள், அவள் வாசிக்கலாமே என்றேன்.

“அவளை நாலு பேரு கூப்புடணும். என்னை யாரு பேரு சொல்லிக் கூப்புடறாங்க? கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் ரோசம்மா ஆத்தாதான். சும்மா கெடக்கற பேரு. அது கீழ போனா இன்னா?”

மறுநாளிலிருந்து தினமும் மத்தியானம் அவர் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். தினமும் ஒன்பது. ஒரு வாரம் ஒன்பது. இன்னொரு வாரமும் ஒன்பது. எனக்கு வண்டி திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை எட்டோடு நின்றது.

நின்றதும் எனக்கு வந்தது பயம் அல்ல, நிம்மதி. அதை எழுதத்தான் வெட்கமாக இருக்கிறது.

லைனில் அம்மிகள் ஓய்ந்தன. எஸ்தர் அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். ரோசம்மாள் பின்பலகையிலிருந்து எழுந்து நின்று தாயைப் பார்த்தாள். அவர் வாசல் நிலையில் கை வைத்து, தலை முக்காட்டைச் சரிசெய்து, என்னைப் பார்த்து, “வெறும் பேரு. அத்தை கித்தை வாணாம்” என்றார்.

என்னைவிட மூத்தவரை அதுவரை நான் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

“சவரியம்மாள்.”

அவர் வெகுநாள் கேட்காத ஒன்றைக் கேட்டவர்போலத் தலையைக் கொஞ்சம் சாய்த்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு வெட்கத்தை நான் கண்டதில்லை.

“ஆஜர்.”

கேஜ் மணி அடிக்கும்வரை அவர் வாசலிலேயே நின்றார். அடித்ததும் தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நடந்தார். லைனில் பெண்கள் பேசாமல் அவருக்கு வழி விடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

சனிக்கிழமை ரெஜிஸ்டரை எஸ்தர் அம்மாளிடம் ஒப்படைத்தேன். திங்கட்கிழமை காலை ஊரிகம் ஸ்டேஷனில் மைசூருக்கு ஒரு சீட்டு வாங்கி வண்டி ஏறினேன்.